ஊரில் மூன்று மாதம்: வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் வரும் குடும்பத்துக்கு முழுமையான வழிகாட்டி

இரண்டு கிழமை விடுமுறையில் ஊருக்கு வந்து போகிறவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. விருந்தும் கோயிலுமாக நாட்கள் ஓடிவிடும். வயதான பெற்றோருடன் இருக்க, காணி அலுவல் முடிக்க, பிள்ளைகள் தமிழோடு பழக என்று மூன்று மாதம், ஆறு மாதம் தங்க வருகிறவர்களின் பாடு வேறு. மூன்றாவது கிழமையில் விருந்துகள் ஓய்ந்திருக்கும். ஊத்தை உடுப்பு குவிந்திருக்கும். பிள்ளையின் பாடசாலை வேலை தொடங்கிய இடத்திலேயே நிற்கும். சமைத்துப் போட்ட மாமிக்கு இடுப்பு நோவு வந்திருக்கும். அந்தக் கட்டத்தில்தான் பல குடும்பங்கள் பயணச்சீட்டை முன்தள்ளிப் போட்டுவிட்டு மனக்கசப்போடு திரும்புகின்றன.

நான் கொக்குவிலில் இருக்கிறேன். என் சகோதரங்கள் கனடாவிலும் பிரான்சிலும் குடியிருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தோடு வரும்போது வீடு ஆயத்தப்படுத்துவது முதல் வழியனுப்புவது வரை என் பொறுப்பு. பார்த்துப் பழகியதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு: நீண்ட நாள் தங்க வருகிறவர்கள் முதற்கிழமை முடிவதற்குள் தங்கள் உலையைத் தாங்களே ஏற்ற வேண்டும். சமையல், தண்ணீர், சந்தை, உடுப்பு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் கையில் எடுத்துக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கே ஊர் பிடிபடுகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கான வழிதான்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

பாடசாலை விடுமுறையை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். ஊரின் காலநிலையையும் பாருங்கள்.

சித்திரையும் வைகாசியும் வெக்கையின் உச்சம். வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த சிறு பிள்ளைகளுக்கு இந்த இரு மாதங்களும் கடினமானவை. ஆனால் நுங்கு கிடைக்கும் காலமும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தொடங்கும் காலமும் அவைதான். ஆனி, ஆடி, ஆவணியில் சோளகக் காற்று வீசும். வெயில் சுட்டாலும் மரநிழலில் இருக்கலாம். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும், ஆடி அமாவாசைக்குக் கீரிமலை, அதைத் தொடர்ந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா என்று ஊரே களைகட்டியிருக்கும். கனடா, ஐரோப்பியப் பாடசாலை விடுமுறையும் இந்தக் காலத்தோடு பெரும்பாலும் பொருந்தும். அதனாலேயே வாடகை வீடும் வாகனமும் கிடைப்பது சிரமம். பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம். வடகிழக்குப் பருவமழைதான் குடாநாட்டுக்கு ஆண்டின் பெரும்பகுதி நீரைக் கொடுக்கிறது. ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். உடுப்புக் காயாது. மழை விட்டதும் டெங்கு தலைதூக்கும். முதன்முறையாகச் சிறுபிள்ளைகளுடன் வருகிறவர்களுக்கு நான் தையையும் மாசியையும்தான் சொல்வேன். பொங்கல், பனங்கிழங்கு, குளிர்ந்த காலைப் பொழுது, பச்சைப் பசேலென்ற தோட்டங்கள் என்று ஊர் தன் நல்ல முகத்தைக் காட்டும் மாதங்கள் அவை. விடுமுறை பொருந்தாவிட்டால் பாடசாலையிடம் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். அதைப் படி 7இல் சொல்கிறேன்.

படி 2: கடதாசி வேலைகள்

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்குச் சுற்றுலா வீசா வழமையாக முதலில் 30 நாட்களுக்குத்தான் கிடைக்கும். அதன் பின் குடிவரவுத் திணைக்களத்தில் விண்ணப்பித்து மொத்தம் ஆறு மாதம் வரை நீடிக்கலாம். முப்பதாவது நாள் வரை காத்திராமல் மூன்றாவது கிழமையிலேயே நீடிப்புக்கு விண்ணப்பியுங்கள். விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்குமுன் திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டில் நுழைந்தால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதே உரிமை தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளின் நிலையைத் தனியாக விசாரியுங்கள்.

தாய் அல்லது தந்தை ஒருவர் மட்டும் பிள்ளைகளைக் கூட்டி வருவதானால் மற்றவரின் சம்மதக் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, ஒழுங்காக எடுக்கும் மருந்துகளுக்கான வைத்தியரின் சீட்டு ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் வைத்தால் பெட்டி வழிதவறும்போது எல்லாம் சேர்ந்து போய்விடும்.

படி 3: வீடும் தண்ணீரும்

உறவினர் வீட்டில் தங்குவதா, பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டைத் திறப்பதா, வாடகைக்கு எடுப்பதா? மூன்று மாதத்துக்கு மேல் என்றால் தனி வீடே நல்லது. தாய் தந்தையின் வீட்டிலேயே தங்குவதானால் உங்களுக்கென்று ஓர் அறையும், குசினியில் ஓர் அடுப்பும், துணி காயப்போட ஒரு கொடியும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். இரண்டாம் மாதம் மனத்தாங்கல் வருவதைவிட முதல்நாள் கூச்சம் மேல்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பதென்றால், நீங்கள் வருவதற்கு இரு கிழமைக்கு முன்பே கிணறு இறைத்து, தண்ணீர்த் தாங்கி கழுவி, மின்வயர்களை ஒருவர் பார்த்து, கூரையில் குளவிக்கூடு இருந்தால் அகற்றி, வளவைத் துப்புரவாக்கி வைக்க வேண்டும். இதற்குரிய காசை முன்கூட்டியே அனுப்புங்கள். ஊரில் இருக்கும் உறவினர் வாய் திறந்து கேட்கமாட்டார்.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மழைக்கு மட்டும்தான் ஓடும். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறுகளுக்கு ஊற்று. கல்லில் இலகுவாக ஊறும் தண்ணீரோடு மேலே இருக்கும் அழுக்கும் அதே இலகுவோடு இறங்கிவிடுகிறது. தோட்டங்கள் நெருங்கிய கோண்டாவில், சுன்னாகம், திருநெல்வேலி போன்ற இடங்களில் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று கிணற்று நீரில் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்த விடயம். மலசலகூடக் குழி கிணற்றுக்கு அருகில் இருந்தால் கிருமியும் சேரும். கடலோரங்களிலும் தீவுகளிலும் தண்ணீர் உவர்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாயலாம். அதனால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால் கிணற்று நீரை அறவே தொடாதீர்கள். நைத்திரேற்று குறைவென்று உறுதியான போத்தல் நீரையோ, ஊர்களில் இயங்கும் வடிகட்டும் நிலையங்களின் நீரையோ எடுத்து, அதையும் கொதிக்கவைத்தே பயன்படுத்துங்கள். பெரியவர்களும் குடிக்கவும் சமைக்கவும் அந்த நிலையத்து நீரைக் கலனில் வாங்கி வைப்பது நல்ல பழக்கம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவக் கிணறு போதும்.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். மோட்டரை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் நிலம் இது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறும். உங்கள் கிணறு மட்டுமல்லாமல் அயல் கிணறும் கெடும்.

மற்றவை: மின்சாரம் 230 வோல்ட். புதிய வீடுகளில் பிரித்தானியாவில் உள்ளது போன்ற சதுர முள் செருகி, பழைய வீடுகளில் உருண்டை முள். இரண்டுக்கும் பொருந்தும் செருகி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படுக்கைக்கும் நுளம்பு வலை வேண்டும். வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் செருகிப் படுத்தால் நுளம்போடு இரவில் ஊரும் பாம்பிலிருந்தும் காப்பு. கட்டுவிரியன் நிலத்தில் படுத்திருப்பவர்களைத்தான் கூடுதலாகக் கடிக்கிறது. கடித்தது பலருக்கு நோவாகக்கூடத் தெரிவதில்லை.

படி 4: வந்து இறங்குதல்

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் வான் வண்டியில் ஆறு, ஏழு மணிநேரப் பாதை. பெரும்பாலான விமானங்கள் இரவிலும் விடியற்புறத்திலும் வருகின்றன. களைத்த பிள்ளைகளையும் நித்திரை கொள்ளாத சாரதியையும் வைத்துக்கொண்டு இரவோடிரவாக ஏ9 வீதியில் வருவது வேண்டவே வேண்டாம். நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கிக் காலையில் புறப்படுங்கள். ரயிலில் வருவதானால் இருக்கை முன்பதிவு செய்த பின்பே ஏறுங்கள். இந்தியா வழியாக வருகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் உண்டு. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சிறிய விமானம் ஓடும் பாதை என்பதால் எத்தனை கிலோ பொதி கொண்டுவரலாம் என்று முதலே பார்த்துவிடுங்கள்.

முதல் மூன்று நாள் எங்கும் போகாதீர்கள். யார் அழைத்தாலும் “வரும் கிழமை வருகிறோம் மாமி” என்று சொல்லுங்கள். பிள்ளைகளின் நித்திரை நேரம் திரும்ப வேண்டும். வயிறு பழக வேண்டும். வளவுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவர்கள் நடந்து பார்க்க வேண்டும். கிணற்றுக்குக் கட்டு உயரமாக இருக்கிறதா, மூடி இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்து, இல்லையென்றால் அன்றே வலை போடச் செய்யுங்கள். இதில் நாளை என்ற பேச்சே இருக்கக்கூடாது.

படி 5: அன்றாடப் பொழுதை வெயிலுக்கு ஏற்ப அமைத்தல்

எங்களுக்குச் சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது, ஆறு, ஆறரை மணியளவில் மறைந்துவிடுகிறது. ஐரோப்பியக் கோடையில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் கண்டவர்களுக்கு இது விளங்கச் சில நாள் எடுக்கும். வெளிநாட்டு நேர அட்டவணையோடு இங்கே நாள் நடத்த முடியாது. பத்து மணிக்கு எழுந்து, பதினொன்றுக்குச் சந்தைக்குப் போய், மூன்று மணிக்குக் கோட்டை பார்க்கப் போகும் குடும்பம் ஒரு கிழமையில் படுத்துவிடும்.

விடியற்புறம் ஐந்தரைக்கு எழும்புங்கள். கோயில் மணி கேட்கும் நேரம் அது. வீட்டில் வெளிவேலை எல்லாம் எட்டரைக்குள் முடியட்டும்: முற்றம் கூட்டுதல், துவைத்தல், சந்தை, சைக்கிள் ஓட்டம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகளுக்கு நிழலில் படிப்பு, பெரியவர்களுக்குச் சமையலும் அலுவலகங்களும். பிரதேச செயலகம், வங்கி, காணிப் பதிவு எதுவானாலும் காலையிலேயே போங்கள். மதியத்துக்குப் பின் போனால் “நாளைக்கு வாங்கோ” என்ற பதில்தான் வரும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒன்றிலிருந்து மூன்றரை வரை கதவைச் சாத்தி ஓய்வு. பிள்ளைகளுக்கு நித்திரை வராவிட்டாலும் படுத்திருக்கட்டும், புத்தகம் பார்க்கட்டும். நான்கு மணிக்குத் தேநீரும் வாய்ப்பனோ பயற்றம் உருண்டையோ. அதன் பின் விளக்கு வைக்கும் நேரம் வரை ஒழுங்கையில் விளையாட்டு, கடற்கரை, கோயில், உறவினர் வீடு. எட்டரைக்குப் படுக்கை.

இந்த நேர ஒழுங்கைப் பத்து நாள் விடாமல் பிடித்தால் அதன் பின் தானாக ஓடும். இடையில் கலியாணவீடு, பூப்புனித நீராட்டு விழா என்று குலையும் நாட்களுக்கு அடுத்தநாள் எந்த வேலையும் வைக்காதீர்கள்.

படி 6: சந்தையும் குசினியும்

குடித்தனத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மரக்கறிக்குத் திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகள். தென்மராட்சியில் இருப்பவர்களுக்குச் சாவகச்சேரி. மீனுக்குப் பாசையூர், குருநகர், அல்லது உங்கள் ஊர் மீன் சந்தை. முதல் இரண்டு தடவை ஊரிலேயே இருக்கும் ஒருவருடன் போங்கள். விலை கேட்கும் விதம், மீனின் செவுளைப் புரட்டிப் பார்க்கும் விதம், எந்தக் கத்தரிக்காய் எந்தத் தோட்டத்தது என்று விசாரிக்கும் விதம் எல்லாம் அவர்களிடம்தான் வரும். மூன்றாம் தடவை தனியாகப் போங்கள். நான்காம் தடவை பிள்ளையிடம் காசைக் கொடுத்துக் கீரையும் கறிவேப்பிலையும் வாங்கச் சொல்லுங்கள். சந்தை ஆச்சிமார் பிள்ளைகளோடு நின்று நிதானமாகக் கதைப்பார்கள். ஒரு மாத வகுப்பில் வராத தமிழ் அங்கே வருவதை என் மருமக்களிடம் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

சாமான் வாங்கும் அளவு முக்கியம். கிழமைக்கு ஒருமுறை குளிர்சாதனப் பெட்டியை நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மின்சாரம் நின்றால் எல்லாம் வீணாகும். மரக்கறியும் மீனும் அன்றன்றைக்கு. அரிசி, மா, பருப்பு, சீனி மாதத்துக்கு. மிளகாய்த்தூள் வறுத்து இடிப்பித்தது மாதக் கணக்காக இருக்கும். பிள்ளைகள் உறைப்புக்குப் பழகும் வரை அவர்களுக்கு இடியப்பமும் பாற்சொதியும், புட்டும் வாழைப்பழமும், பருப்பும் கீரையும் போதும். கடலுணவில் முள்ளுக் குறைந்த பாரை, கணவாய், இறால் என்று தொடங்குங்கள். ஒடியற்கூழ் மெதுவாகவே அறிமுகமாகட்டும்.

யாழ்ப்பாணத்துக் குசினியில் தேங்காய் துருவுவது நாளின் பெரிய வேலை. திருவலையில் இருந்து துருவ உங்கள் கணவரும் பிள்ளைகளும் பழகட்டும். வெள்ளிக்கிழமை பெரும்பாலான சைவ வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. நல்லூர்த் திருவிழா நாட்கள் முழுவதும் மச்சம் தொடாத குடும்பங்களும் பல. சைவச் சமையலுக்கும் மச்சத்துக்கும் தனித்தனிச் சட்டி பானையும் இருக்கும். மாமியின் குசினியில் எந்தச் சட்டி எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போயா (பௌர்ணமி) நாட்களில் நாடு முழுவதும் இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும்.

சமையல் எரிவாயு 12.5 கிலோ சிலிண்டரில் வருகிறது. குடும்பம் பெருத்தால் வழமையைவிட விரைவாக முடியும். இன்னொரு சிலிண்டர் நிரப்பி வைத்திருங்கள். விறகடுப்பு இருந்தால் சோறும் குழம்பும் அதில் வைக்கலாம். சுவையும் அதில்தான்.

படி 7: பிள்ளைகளின் படிப்பு

பாடசாலைக் காலத்தில் கூட்டி வருவதானால் அதிபரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பல நாடுகளில் அனுமதியில்லாத நீண்ட விடுப்புக்குத் தண்டப்பணம் உண்டு. பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள்.

இணையவழி வகுப்பென்றால் நேர வித்தியாசத்தை முதலில் கணக்கிடுங்கள். லண்டனில் குளிர்காலக் காலை ஒன்பது மணி இங்கே பிற்பகல் இரண்டரை. பரிசில் ஒன்பது மணி இங்கே ஒன்றரை. ரொறன்ரோவில் ஒன்பது மணி இங்கே இரவு ஏழரை. கோடையில் இவை எல்லாம் ஒரு மணிநேரம் முந்தும். ஆகவே ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு மதிய ஓய்வு போய்விடும், காலையில் அதை ஈடுசெய்யுங்கள். கனடாப் பிள்ளைகளை நள்ளிரவு வரை திரைக்கு முன் இருத்தாதீர்கள். பதிவு செய்த பாடங்களையும் ஒப்படைகளையும் கேட்டு வாங்கிக் காலையில் செய்விப்பதே நல்லது. அவுஸ்திரேலியாவின் சிட்னி, மெல்பேர்ன் நகரங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் காலை ஒன்பது மணி இங்கே விடிவதற்கு முன்பே வந்துவிடும்.

ஊரின் பாடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அயலில் தமிழ் சொல்லிக் கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கும் இருப்பார். மிருதங்கம், வயலின், பரதம் என்று விருப்பமான ஒன்றை மூன்று மாதம் பழகலாம். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். அதன் கதையை வயதுக்கு ஏற்ப நீங்களே சொல்லுங்கள். அதைப் பிறர் வாயிலிருந்து பிள்ளைகள் முதன்முதலில் கேட்க விடாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுங்கள். குடாநாடு மட்டமான நிலம். சைக்கிளுக்கென்றே அமைந்த ஊர் இது. ஒழுங்கைக்குள் தொடங்கி, இடப்பக்க ஓட்டம் பழகிய பின்பே பெரிய வீதிக்கு விடுங்கள்.

படி 8: காசும் கணக்கும்

உறவினரோடு தங்கினால் செலவைப் பற்றி முதற்கிழமையிலேயே பேசுங்கள். “எங்கள் பிள்ளைகளிடம் காசு வாங்குவதா?” என்று பெரியம்மா மறுப்பார். வற்புறுத்தாமல், மின்கட்டணத்தையும் எரிவாயுவையும் நீங்களே நேரே கட்டிவிடுங்கள். இலங்கையில் பாவனை கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் படிப்படியாக ஏறும். நீங்கள் ஓர் அறையில் ஏசி போட்டால் அந்த வீட்டின் முழுக் கட்டணமும் மேற்படிக்குத் தாவும். இதைத் தெரியாமல் போய்விடும் விருந்தினர் பலர். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் மாதக் கணக்கில் அந்தச் சுமையைப் பேசாமல் சுமந்ததை நான் அறிவேன்.

பெரிய கடைகளில் அட்டை ஏற்பார்கள். சந்தை, ஓட்டோ, பஸ் எல்லாம் காசுதான். 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் காலையில் மாற்று இருக்காது. 100, 500 தாள்களைச் சேர்த்து வையுங்கள்.

படி 9: உறவுகளும் முறைகளும்

பட்டியல் ஒன்று எழுதுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருந்த காலத்தில் யார் வீட்டில் மரணம் நடந்ததோ அந்த வீடுகள் பட்டியலின் மேலே வரட்டும். துக்கம் விசாரிக்கப் போகாமல் விருந்துக்குப் போனால் அந்த மனக்குறை ஆண்டுக் கணக்கில் இருக்கும். போகும்போது பரிசுப் பொருட்களும் பிள்ளைகளின் ஆரவாரமும் வேண்டாம். இருந்து, அவர் எப்படிப் போனார் என்று கேட்டு, சொல்லச் சொல்லக் கேளுங்கள். அடுத்தது நடக்க முடியாத முதியவர்கள். மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

நெருங்கிய உறவில் மரணம் நேர்ந்தால் துடக்குக் காலத்தில் கோயிலுக்குப் போவதில்லை. 31ஆம் நாள் அந்தியேட்டி. எத்தனை நாள், யார் யாருக்கு என்பதைக் குடும்பத்துப் பெரியவரிடம் கேளுங்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றியே உள்ளே போக வேண்டும். மகனுக்கு அதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள். வேட்டி கட்டப் பழகியிருந்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்கு முறைசொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள். பெரியப்பா, சித்தி, மாமி, மச்சான் என்று யார் யார் என்பதை ஒரு தாளில் படமாக வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால் ஒரு கிழமையில் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளைகளைப் பார்த்து “கறுத்துவிட்டாள்”, “மெலிந்துவிட்டான்” என்று உறவினர் முகத்துக்கு நேரே சொல்வார்கள். வளர்ந்த பிள்ளைகளை இது காயப்படுத்தும். அந்த இடத்திலேயே பேச்சைத் திருப்பிப் பிள்ளையின் பக்கம் நில்லுங்கள்.

படி 10: உடல்நலம்

அவசர அம்புலன்சுக்கு 1990. நாடு முழுவதும் இலவசம். பொலிஸ் 119. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைதான் வடக்கின் பெரிய அரச மருத்துவமனை.

மலேரியா இங்கே இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிசெய்தது. கவனிக்க வேண்டியது டெங்கு. அந்த நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கும். தெளிந்த நீர் தேங்கும் சிரட்டை, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் அதற்குப் போதும். கிழமைக்கு ஒருநாள் குடும்பமாக வளவைச் சுற்றி வந்து கவிழ்த்துவிடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நுளம்புக் குடம்பிகளைக் கண்டால் வழக்கும் வரும்.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். ஐபுபுரோபனும் ஆஸ்பிரினும் டெங்குவில் இரத்தப்போக்கைக் கூட்டலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பிள்ளைகளின் காய்ச்சல் மருந்தில் பெரும்பாலும் இருப்பது ஐபுபுரோபன்தான், போத்தலைப் படித்துப் பாருங்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் பரிசோதியுங்கள். காய்ச்சல் இறங்கியதும் சுகமாகிவிட்டது என்று எண்ணவே கூடாது. ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். வயிற்றுநோவு, விடாத வாந்தி, பல்முரசில் இரத்தம், சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனை.

நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச மருத்துவமனைக்குப் போங்கள். விசர்நாய்க் கடிக்கு எதிரான ஊசி அங்கே உண்டு. “வீட்டு நாய்தானே” என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், வெட்டாமல், அசையாமல் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் மருந்துக்கடையில் கிடைக்கும். வீட்டில் சில பைக்கற் வைத்திருங்கள். வெயிலுக்கு இளநீரும் மோரும்.

படி 11: வெளியே போய்வருதல்

கிழமைக்கு ஒரு பயணம் போதும். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே ஊறும் நன்னீர்க் கேணி, நிலாவரைக் கிணறு, போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை, காரைநகர் கசூரினாக் கடற்கரை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகு. உயிர்காப்பு அங்கி தந்தால் பிள்ளைகள் போட்டே ஆக வேண்டும். இல்லாத படகில் ஏறாதீர்கள். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேளுங்கள்.

வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்து இங்கே வாகனம் ஓட்ட முடியாது. உள்ளூர் அனுமதியும் வேண்டும். வீதியில் மாடும் நாயும் குறுக்கே வரும். ஓட்டத் தெரிந்த சாரதியோடு வாகனம் பேசுவதே நிம்மதி.

போர் விட்டுச்சென்ற ஆபத்து ஒன்று இன்னும் இருக்கிறது. முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்ட இடத்துக்குள் கால் வைக்கக்கூடாது. அண்மையில் விடுவிக்கப்பட்ட காணிகளிலும் பாழடைந்த வீடுகளிலும் பற்றைகளிலும் துருப்பிடித்த இரும்பு எதையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முதல்நாளே சொல்லுங்கள். சொந்தக் காணியைப் பார்க்கப் போகும்போதும் இதே விதிதான். ஆசையில் நேரே பற்றைக்குள் இறங்க வேண்டாம். ஏற்கெனவே துப்புரவாக்கிய பாதையில் அயலவரோடு போங்கள்.

படி 12: திரும்பும் கிழமை

கடைசிக் கிழமையில் புதிய பயணம் எதுவும் வைக்காதீர்கள். விடைபெறப் போக வேண்டிய வீடுகளுக்கே நாள் போதாது.

ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள் எல்லாம் நன்றாகக் காயவைத்து இரட்டைப் பையில் கட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சி, பால் பொருட்களைப் பயணப் பெட்டியில் கொண்டு போக அனுமதி இல்லை. புதிய மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். கருவாட்டுக்கும் கறிவேப்பிலைக்கும் உங்கள் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டே கட்டுங்கள்.

வீட்டைப் பூட்டிப் போவதென்றால் தண்ணீர்த் தாங்கியை வெறுமையாக்கி மூடுங்கள். மலசலகூடக் கோப்பைகளையும் வாளிகளையும் மூடிவையுங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள். மோட்டரின் மின்னிணைப்பைக் கழற்றுங்கள். பூட்டிய வீடுகளில்தான் டெங்கு நுளம்பு நிம்மதியாகப் பெருகுகிறது. அதன் விளைவை அயல்வீட்டுப் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஒருவரை நியமித்து, திறப்பையும் அவருக்குரிய மாதக் காசையும் மின்கட்டணப் பணத்தையும் புறப்படுவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.